பக்கம் முடியும் வரை

அந்த அக்காவுக்குப் பாட்டுப் பிடிக்காது. நான் ஆயுள் முழுவதும் சேர்த்த பாட்டுகளைப் பிஸ்கட் பெட்டிகளில் அடைத்துத் தூக்கிக்கொண்டுபோய் அவரிடம்தான் கொடுத்தேன். என் மூளை பெரும்பாலும் இப்படித்தான் வேலை செய்யும். மீன் வாங்கிவரச் சொன்னால் கூடவே பூனையையும் கூட்டிவருகிற ஆள் என்று என் மனைவி சொல்வாள்.

“பாட்டு எனக்கு விளங்காது தம்பி,” என்று அக்கா முதலிலேயே சொல்லிவிட்டார். “ஆனா சத்தத்தை ஒழுங்கா எடுத்து வைக்கத் தெரியும். எங்கை, முதல் பெட்டியைத் தாரும் பாப்பம்.”

கட்டுகஸ்தோட்டையில் எங்கள் வீட்டின் பின்பக்க அனெக்ஸில் அவர் வாடகைக்கு இருந்தார். ஊர் சாவகச்சேரி. சண்டையில் வீடு போனது. நோர்வேயில் இருக்கும் தம்பி விசாவுக்கு எழுதிப்போட்டிருக்கிறார், அது வரும்வரை கண்டியில் இருக்கலாம் என்று வந்தவர். விசா வரவில்லை. அதற்குப் பதில் தம்பி ஏற்பாடு செய்த ஒரு கணினி வந்து சேர்ந்தது. அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தாளராக இருந்து ஓய்வு பெற்றவர். இளவயதில் குருநாகலில் வேலை பார்த்ததால் சிங்களத்தில் கனவே காணக்கூடியவர்.

பெயரை எழுதமாட்டேன். எங்கேயாவது இருந்து இதை வாசித்தால், முதலில் பெயரில் எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மற்றதற்குப் போவார்.

எதையும் விடாதது அவருடைய குணம். நீதிமன்றத்தில் சாட்சிக்காரன் தும்மினாலும் எழுதிவைத்த பழக்கம். பக்கத்து வீட்டுச் சண்டையை நமக்குச் சொல்லும்போதுகூட, நடுவில் ஆட்டோ போனதால் ஒரு வசனம் கேட்கவில்லை என்பதையும் சேர்த்துத்தான் சொல்வார். “எது தேவை, எது தேவையில்லை எண்டு தீர்மானிக்கிறது என்ரை வேலை இல்லை,” என்பார். வேறு யாருடைய வேலை என்று ஒருநாள் கேட்டேன். கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்குப் பிறகு நான் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை.

இப்படிப்பட்டவரிடம் என் கேசட்டுகள் போனதில் என்ன ஆபத்து என்பதை விளங்கிக்கொள்ள, அவை எப்படிப் பதிவானவை என்று சொல்லவேண்டும். நாங்கள் அப்போது வத்தேகமையில் இருந்தோம். ஹுன்னஸ்கிரியத் தேயிலைத் தோட்டத்திலிருந்து இறங்கிவந்து அப்பா ஒரு சில்லறைக் கடை போட்டிருந்தார். ரேடியோவிலிருந்து நேராகப் பதிகிற வயர் வசதியெல்லாம் எங்களுக்கு இல்லை. ரேடியோவின் வாய்க்கு நேரே கேசட் ரெக்கோடரை வைத்து, சிவப்புப் பொத்தானையும் பக்கத்துப் பொத்தானையும் சேர்த்து அமுக்கிவிட்டு, வீட்டில் உள்ள எல்லோரையும் மூச்சுவிடாமல் இருக்கச் சொல்லவேண்டும். யார்தான் இருந்தார்கள்? பாட்டு ஏறும் நேரத்தில் குக்கர் விசிலடிக்கும். உருக்கமான இடத்தில் மீன்காரர் ஹோர்ன் அடிப்பார். அம்மா குசினியிலிருந்து, “டேய், உப்புப் போட்டேனா இல்லையா?” என்று என்னைக் கேட்பார்.

இதெல்லாம் பரவாயில்லை. பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே நானே அறிவிப்பாளராக மாறி, தொண்டையைக் கட்டையாக்கிக்கொண்டு, “நேயர்களே, அடுத்து வருவது...” என்று பேசிவைத்திருந்தேன். குரல் உடைகிற வயது. ‘நேயர்களே’ என்பதில் ‘நே’ ஆம்பிளைக் குரலில் வரும், ‘யர்களே’ ஆட்டுக்குட்டிக் குரலில் வரும்.

கட்டுகஸ்தோட்டை ஈரத்தில் நாடாக்களில் வெள்ளையாகப் பூஞ்சணம் பிடித்தபோதுதான் எனக்கு ஞானம் வந்தது. அப்பாவுக்கு எண்பது வயதாகப்போகிறது. பாட்டுகளையெல்லாம் கணினியில் ஏற்றி, சீடி அடித்து, பிறந்தநாளுக்கு வரும் சொந்தக்காரருக்கெல்லாம் கொடுத்துவிடுவோம் என்று நினைத்தேன். மடவளையில் ரேடியோ திருத்துகிற நானா ஒருவர் பழைய பிளேயருக்குப் புதுப் பெல்ட் போட்டுத் தந்தார். அதிலிருந்து ஒரு வயர் கணினியின் முதுகுக்குப் போனது. கேசட் ஓட ஓட, திரையில் பச்சைக் கோடுகள் எழும்பி எழும்பி விழும். ஒரு மணிநேரக் கேசட்டுக்கு ஒரு மணிநேரம். குறுக்குவழி கிடையாது. அந்த ஒரு மணிநேரமும் அக்கா கையைக் கட்டிக்கொண்டு, நீதிபதிக்கு முன்னால் இருப்பவரைப் போல் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்பார்.

முதல் நாள் என் ஆட்டுக்குட்டி வந்தது.

“இது ஆர்?” என்றார் அக்கா.

“அது... யாரோ அறிவிப்பாளருங்க அக்கா.”

“நீர்தானே?”

“சின்ன வயசுல...”

“ஓம். நல்லாத்தான் கத்துறீர்.”

“அத வெட்டிருங்க அக்கா. பாட்டு மட்டும் போதும்.”

“நீர் கதைச்சனீர். மிஷின் எடுத்தது. இதிலை நான் ஆர் வெட்டுறதுக்கு?”

தேத்தண்ணி கொண்டுவந்த என் மனைவி வாசலில் நின்று இதைக் கேட்டுவிட்டாள். அன்றிலிருந்து வீட்டில் எனக்குப் பெயர் நேயர்களே. “நேயர்களே, பாண் வாங்கிட்டு வாங்க. நேயர்களே, குளிச்சிட்டு வாங்க.” நான் டவுனில் ஹாட்வெயார் கடையில் பில் போடுகிறவன், முகத்தைச் சுண்ணாம்பு அடித்த சுவர்போல வைத்துக்கொள்ளப் பழகியவன். அந்த முகமே சிவந்தது.

வெட்கம் அதோடு தீரவில்லை. கோப்புகளுக்குப் பெயர் வைப்பது எப்படி என்று நான் ஒரு திட்டம் வைத்திருந்தேன். படம், பாடியவர், இசையமைத்தவர், எல்லாம் ஒழுங்காக இருக்கவேண்டும். அக்கா தலையாட்டினார். ஒரு கிழமை கழித்துப் போய்ப் பார்த்தால், ஆங்கில எழுத்தில் தமிழை அடித்து வேறு மாதிரிப் பெயர் வைத்திருந்தார். ‘மீன்காரர் வந்த பாட்டு.’ ‘உப்புக் கேட்ட பாட்டு.’ ‘குக்கர் இரண்டு விசில், மூன்றாவது பாதி.’ ‘தம்பி அறிவிப்பாளராக நடிப்பதும் தகப்பனார் ஏசுவதும்.’

“அக்கா, இதுல எந்தப் பாட்டுனு எப்படித் தெரியும்?”

“பாட்டு ஊர் முழுக்கக் கிடைக்கும் தம்பி. எந்தக் கடையிலையும் வாங்கலாம். உப்புக் கேட்டது எந்தக் கடையிலை கிடைக்கும்?”

அம்மா இறந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. ரேடியோவில் வருகிற பாட்டுக்காக, அம்மாவின் குரலை அசிங்கம் என்று வெட்டச் சொல்லிக்கொண்டு நின்றேன்.

இந்த விஷயம் எப்படியோ அப்பா காதுக்குப் போய்விட்டது. மறுநாள் பின்னேரம் அவர் தானாகவே அனெக்ஸுக்குப் போய், “தங்கச்சி, அந்த உப்புப் பாட்டு ஒருக்காப் போடுங்களே,” என்று கேட்டிருக்கிறார். அதன்பிறகு தினமும் அங்கேதான். சுவரோரமாக ஒரு பிளாஸ்டிக் கதிரை அவருக்கென்று வந்துவிட்டது. அப்பாவுக்கும் பாட்டுப் பிடிக்காது. பாட்டுப் பிடிக்காத இரண்டு பேர் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து மணிக்கணக்காக என் பாட்டுகளைக் கேட்டார்கள். பாட்டுப் பிடித்த நான் டவுனில் ஆணி விற்றுக்கொண்டிருந்தேன்.

*

சண்டை மறுபடி மும்முரமாகிக்கொண்டிருந்த காலம் அது. பஸ்ஸில் நாங்கள் தமிழைச் சின்னக் குரலில் பேசுவோம், இல்லாவிட்டால் பேசவே மாட்டோம். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று பதிய ஒருநாள் இரண்டு பொலிஸ்காரர் வந்தார்கள். பின்னால் இருப்பது யார் என்று ஒருவர் கேட்டார். என் நாக்கு என்னைக் கேட்காமலே ஓடியது. எங்கள் சித்தி ஐயா, மாத்தளை, வயதானவர், காது கேட்காது என்று என் உடைந்த சிங்களத்தில் அடுக்கினேன். காது கேட்காது என்பதை ஏன் சேர்த்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கதை சொன்னால் ஒரு நாயையாவது சேர்க்காமல் எனக்கு முடிக்கத் தெரியாது.

காது கேட்காத சித்தி உடனே வெளியே வந்தார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, நீதிமன்றச் சிங்களத்தில், நான் இவர்களுக்குச் சொந்தமில்லை, வாடகைக்கு இருக்கிறேன், பிறந்த இடம் சாவகச்சேரி, எழுத்துக்கூட்டிச் சொல்லவா என்று கேட்டார். பொலிஸ்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தார். “உன் சித்திக்கு உன்னைத் தெரியவில்லையே,” என்றார். அதன்பிறகு அக்காவை ஸ்டேஷனுக்கு வரச்சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். ஒவ்வொரு முறையும் குடையை எடுத்துக்கொண்டு, பவுடர் போட்டுக்கொண்டு, அலுவலகம் போகிற மாதிரிப் போய்வந்தார்.

“ஏன் காணும் என்னை மாத்தளைக்கு அனுப்பினீர்?” என்று என்னிடம் கேட்டார்.

“பயத்துல வந்திருச்சு அக்கா.”

“பயம் சரி. ஆனா பயப்பட்டது நீர். பிறந்தது நான்.”

ஏசியிருந்தால் நான் இரண்டு பகிடி விட்டுத் தப்பியிருப்பேன். அவர் ஏசவில்லை. பிளேயரின் தலையைப் பஞ்சால் துடைத்துக்கொண்டே சொன்னார்.

அப்பா என்னைப் போல இல்லை. அதுதான் எங்கள் குடும்பத்தின் பெருமை. வத்தேகமையில் எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தின்போது வீட்டு வாசலுக்கு வந்த கூட்டத்தை அப்பா தனியாளாகத் திருப்பி அனுப்பிய கதை எங்கள் சொந்தத்தில் தெரியாதவர் கிடையாது. கல்யாண வீட்டில், செத்த வீட்டில், கோயில் கூழ் ஊற்றும் இடத்தில், எங்கும் அந்தக் கதை ஓடும். தேங்காய் வெட்டுகிற கத்தியோடு அப்பா வாசலில் நின்றார். “ஒரு அடி உள்ள வச்சா கால் இருக்காது” என்று சிங்களத்தில் கத்தினார். வந்தவர்கள் பயந்து, எங்கள் வீட்டை விட்டுவிட்டு, ஒழுங்கையில் மேலே ஏறிப்போனார்கள். அங்கே மேட்டு வீட்டில் யாழ்ப்பாணத்துப் போஸ்ட் மாஸ்டர் குடும்பம் இருந்தது. அவர்கள் முதல்நாளே லொறியில் போய்விட்டார்கள், வீடு மட்டும் எரிந்தது. கதை அவ்வளவுதான். நான் சொல்லும்போது அதில் ஒரு நாயும் பாயும்.

அக்காவுக்கு முன்னாலும் அப்பா அதைச் சொன்னார். சீடியின் தொடக்கத்தில் அப்பா தன் வாயாலே இந்தக் கதையைச் சொல்லி, அதன்பிறகு பாட்டுகள் வரவேண்டும் என்பது என் திட்டம். அதற்கு ஒத்திகையாகத்தான் சொல்லச் சொன்னேன். அக்கா முழுவதும் கேட்டுவிட்டு, “ஐயா, கத்தி எந்தக் கையிலை?” என்றார்.

“வலது கையில.”

“தம்பி இடதுகை எண்டு சொன்னார்.”

“அவன் கெடக்கான்.”

“நாய்?”

அப்பா என்னைப் பார்த்தார். “எந்த நாய்டா?”

நான் எழும்பித் தேத்தண்ணிக்குப் போனேன்.

*

பெட்டிகளின் அடியில் ஒரு கேசட் இருந்தது. அதன்மேல் நானே சிறுவயதில் பேனாவால் ‘கெட்டது’ என்று எழுதியிருந்தேன். பாட்டுப் பாதியில் நின்றுபோனால் அப்படி எழுதி ஒதுக்குவது என் வழக்கம். அதைப் போடவேண்டாம், உதவாது என்று அக்காவிடம் சொல்லியிருந்தேன். யாரிடம் சொல்கிறேன் என்று யோசித்திருக்கவேண்டும்.

ஒரு போயா விடுமுறை நாள் பின்னேரம். கடை இல்லாததால் நானும் அனெக்ஸில் இருந்தேன். அப்பா தன் கதிரையில் காலை நீட்டிக்கொண்டிருந்தார். அக்கா அந்தக் கேசட்டைப் போட்டார். முதலில் ஆட்டுக்குட்டி பேசியது. அப்பா சிரித்தார். பிறகு பாட்டு மிகச் சின்னதாகத் தொடங்கியது, ரேடியோவைப் போர்வைக்குள் வைத்ததுபோல. உண்மையில் போர்வைக்குள்தான் வைத்திருந்தோம். ஊரடங்குச் செய்தி கேட்க ரேடியோ வேண்டும், ஆனால் தமிழ் வெளியே கேட்கக்கூடாது. செய்திகளுக்கு நடுவே ஒரு பாட்டு வந்தது, நான் பதிந்தேன். வீட்டுக்குள் நாள்கணக்காக அடைந்து கிடக்கிற பையன் வேறு என்ன செய்வான்?

அப்போது எனக்கு விளங்கியது, இது எந்த நாளின் கேசட் என்று. அப்பாவுக்கும் விளங்கியிருக்கவேண்டும். நீட்டிய காலை மடக்கிக்கொண்டார்.

கேசட்டுக்குள் கதவு தட்டும் சத்தம் கேட்டது. “நிப்பாட்டு, நிப்பாட்டு” என்று அம்மாவின் குரல். ரேடியோ நின்றது. ரெக்கோடர் நிற்கவில்லை. பாட்டு இல்லாததால் அறைச் சத்தம் முழுவதும் தெளிவாக இருந்தது. கதவு திறந்தது. சிங்களத்தில் பல குரல்கள். அதற்கு நடுவே ஒரு குரல், மெல்லிசாக, வளைந்து வளைந்து.

“அபி வத்தே மினிஸ்சு, மாத்தயா.”

நாங்கள் தோட்டத்து ஆட்கள், ஐயா. அந்தக் குரல் திரும்பத் திரும்ப அதையே சொன்னது. எங்களுக்கும் புலிகளுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை ஐயா. நாங்கள் யாழ்ப்பாணத்து ஆட்கள் இல்லை ஐயா. யாழ்ப்பாணத்து ஆட்கள் மேலே, ஒழுங்கை முடிவில், பச்சைக் கேற் போட்ட வீடு.

நான் பாய்ந்து பொத்தானை அமுக்கப் போனேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தார். மெலிந்த கைதான். அசைக்க முடியவில்லை.

“பக்கம் முடியேல்லை,” என்றார்.

கேசட்டுக்குள் காலடிகள் மேலே ஏறிப்போயின. கதவு சாத்தியது. யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். பிறகு மிகவும் கிட்டத்தில், ரெக்கோடருக்குப் பக்கத்திலேயே, பதினான்கு வயசு ஆட்டுக்குட்டி சலித்துக்கொண்டது. “போங்கப்பா, பாட்டு கெட்டுப் போச்சு.”

திரையில் பச்சைக்கோடு தட்டையாக ஓடிக்கொண்டே இருந்தது. ஓடட்டும் என்று அக்கா விட்டார். கேசட் தானாகச் சொடக்கென்று நிற்கும்வரை மூன்று பேரும் அசையாமல் இருந்தோம்.

எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. கத்தி இல்லை. கத்தவும் இல்லை. நாயும் இல்லை. அப்பாவுக்காகவும், எனக்காகவும், அந்தக் கதையைக் கேட்டுக் கைதட்டிய எல்லாச் சொந்தக்காரருக்காகவும் வெட்கமாக இருந்தது. இதைக் கேட்டது அக்கா என்பதுதான் எல்லாவற்றையும்விடக் கூச்சம். சிங்களம் தெரியாத ஒருவராக இருந்திருக்கலாம். யாழ்ப்பாணம் இல்லாத ஒருவராக இருந்திருக்கலாம்.

“தங்கச்சி,” என்றார் அப்பா. “அத அழிச்சிருங்க.”

“கேசட் உங்கடை ஐயா. கொண்டுபோய் என்னவும் செய்யுங்கோ. என்ரை கையாலை அழிக்கேலாது.”

நான் நடுவில் புகுந்தேன். “விடுங்கப்பா, பழைய நாடா, பூஞ்சணம் புடிச்சது, சத்தமே சரியாக் கேக்கல...” என்று சிரித்துப் பார்த்தேன். யாரும் என் பக்கம் திரும்பவில்லை.

“போஸ்ட் மாஸ்டர் வீட்டு ஆக்கள்?” என்று அக்கா கேட்டார்.

“மொத நாளே போயிட்டாங்க. லொறியில. வீட்ல யாரும் இல்ல.”

“அது உங்களுக்கு அப்ப தெரியுமோ? இல்லாட்டிப் பிறகு தெரிஞ்சதோ?”

குரலில் கோபம் எதுவும் இல்லை. சாட்சிக்காரன் விழுங்கிவிட்ட ஒரு சொல்லைத் திரும்பச் சொல்லச் சொல்வதுபோலக் கேட்டார். அப்பா கதிரைக் கையைப் பிடித்துக்கொண்டு எழும்பினார். செருப்பைத் தேடினார். ஒன்றைத்தான் மாட்டினார். மற்றதை விட்டுவிட்டு முற்றத்தைக் கடந்து வீட்டுக்குள் போய்விட்டார்.

நான் அந்த ஒற்றைச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அக்காவோடு சண்டைக்கு நின்றேன்.

“எண்பது வயசு மனுசனப் போட்டு இப்படிக் கேக்கலாமா அக்கா? பொண்டாட்டி புள்ளையோட நின்னாரு. வாசல்ல அம்பது பேரு. நீங்க என்ன சொல்லியிருப்பீங்க?”

“எனக்குத் தெரியாது தம்பி,” என்றார் அக்கா. உடனே சொன்னார், யோசிக்கவே இல்லை. “நானும் அதைத்தான் சொல்லியிருப்பனோ, ஆருக்குத் தெரியும். உம்மடை அப்பாவை நான் குற்றம் சொல்லேல்லை.”

“அப்ப ஏன் கேட்டீங்க?”

“மேட்டு வீடு என்ரை வீடு தம்பி. நான் எங்கை இருந்தாலும் அந்த வீடுதான் மேட்டு வீடு. உள்ளுக்கை ஆள் இருக்கெண்டு நினைச்சுக் காட்டினவரோ, இல்லையெண்டு தெரிஞ்சு காட்டினவரோ எண்டு எனக்குத் தெரியவேணும். அவ்வளவுதான்.”

செருப்போடு வீட்டுக்கு வந்தேன். மாத்தளைச் சித்தியின் ஞாபகம் வந்தது. ஆளை இல்லாமல் ஆக்குவதும், ஆளைக் காட்டிக்கொடுப்பதும் ஒரே நாக்கிலிருந்து வருகிற வேலைதான் போலிருக்கிறது. எங்கள் குடும்பத்து நாக்கு.

அதற்குப் பிறகு அப்பா பின்பக்கம் போகவில்லை. சாப்பாட்டு மேசையில் பேசவில்லை. பிறந்தநாளுக்குச் சொந்தக்காரர் வந்தார்கள். வழக்கம்போல என் மாமா ஒருவர், “மச்சான், அந்தக் கத்திக் கதையச் சொல்லுங்க, புள்ளைங்க கேக்கட்டும்,” என்றார். அப்பா வடையைப் பிய்த்துக்கொண்டே இருந்தார். “அப்படியெல்லாம் ஒண்ணும் நடக்கல,” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். தன்னடக்கமாம். மாமா விடவில்லை, கதையைத் தானே சொல்லத் தொடங்கினார். என் நாயையும் சேர்த்துக்கொண்டார். பிள்ளைகள் கைதட்டினார்கள். அப்பா என்னைப் பார்த்தார். நான் பாயாசத்தைக் கிண்டினேன். சீடி கொடுக்கப்படவில்லை. கணினி பழுதாகிவிட்டதாகச் சொன்னோம்.

அக்கா அன்று வந்திருந்தார். ஓரமாக உட்கார்ந்து முழுக்கதையையும் கேட்டார். எதையும் திருத்தவில்லை. எதையும் விடாத அவர் அன்று வாய் திறக்காதது எனக்கு இன்னும் மோசமாக இருந்தது. சாப்பிட்டு, கைகழுவி, அப்பாவுக்குக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் காலை அப்பா குளித்தார். கோயிலுக்குப் போடுகிற வெள்ளைச் சட்டையை என் மனைவியிடம் கொடுத்து இஸ்திரி போடச் சொன்னார். கோயிலுக்கா என்று அவள் கேட்கக் கேட்கவே போட்டுக்கொண்டு முற்றத்தைக் கடந்து பின்பக்கம் நடந்தார். எதற்கும் இருக்கட்டும் என்று நானும் பின்னால் போனேன். விழுந்துவிடுவார் என்று பயந்ததாகச் சொன்னால் நம்புவீர்கள். உண்மையில், அங்கே போய் ஏதாவது புதுக்கதை சொல்லிவிடுவார், அதையும் அக்கா கேள்வி கேட்டு உடைத்துவிடுவார் என்றுதான் பயம்.

அக்கா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அப்பா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“பொறகுதான் தெரியும், தங்கச்சி,” என்றார்.

அக்கா கீரையிலிருந்து கையை எடுத்தார்.

“ரெண்டு நாள் கழிச்சுத்தான் சொன்னாங்க, அவங்க முன்னமே போயிட்டாங்கன்னு. நான் சொல்லும்போது உள்ளதான் இருக்காங்கன்னு நெனச்சேன்.” நிலையைப் பிடித்த கையை மாற்றிக்கொண்டார். “அந்த வீட்ல ரெண்டு பொம்பளப் புள்ளைங்க. கடைக்கு வருங்க. பல்லிமுட்டாய் கேக்கும்.”

சொல்லிவிட்டு, தண்டனை எழுதுகிறவருக்கு முன்னால் நிற்பதுபோலக் கையைக் கட்டிக்கொண்டார். எனக்கு அந்த இடத்தில் ஒரு பகிடி வந்திருக்கவேண்டும். எப்போதும் வரும். வரவில்லை.

அக்கா எழும்பவில்லை. ஆறுதலும் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்த கதிரையின்மேல் கிடந்த கீரைக் காம்புகளைத் தட்டித் துடைத்தார்.

“இருங்கோ ஐயா,” என்றார்.

அப்பா உட்கார வெகுநேரம் ஆயிற்று.